கேம்பர் வேன் வாடகை ரிவ்யூ: வண்டிக்கு நாலு ஸ்டார், கம்பெனிக்கு ரெண்டு, பங்க் அண்ணனுங்களுக்கு அஞ்சு

தீர்ப்ப முதல்லயே சொல்லிடறேன், முழுசா படிக்க நேரமில்லாதவங்க இதோட போயிடலாம். சென்னையில வாடகைக்கு கிடைக்குற கேம்பர் வேன், அதாவது உள்ளயே படுக்கை, பாத்ரூம் எல்லாம் வெச்ச வண்டி, நல்லாத்தான் இருக்கு, குடும்பத்தோட போக தாராளமா எடுக்கலாம். ஆனா "எங்க வேணா நிறுத்துங்க, எங்க வேணா தூங்குங்க"ன்னு விளம்பரத்துல போடறாங்க பாருங்க, அது மட்டும் சுத்தப் பொய். எங்க வேணாலும் எல்லாம் நிறுத்த முடியாது. நிறுத்த விடறவங்கன்னு சிலர் இருக்காங்க, அவங்ககிட்ட கேக்கணும், கேட்டு வாங்குன இடத்துல எப்படி நடந்துக்கணும்னு ஒரு மரியாதை இருக்கு. பணம் கட்டும்போது இத ஒருத்தரும் வாயத் திறந்து சொல்லல, அதான் ரிவ்யூ இவ்ளோ நீளமா போகுது.

வண்டிய பத்தி சீக்கிரம் முடிச்சிடறேன். டெம்போ டிராவலர் பாடிய வீடு மாதிரி மாத்தியிருக்காங்க. நாலு பேர் தாராளமா படுக்கலாம், அஞ்சாவதா எங்க சின்னவ நடுவுல புகுந்துக்குவா. சின்ன சிங்க், குட்டி ஃப்ரிட்ஜ், மேல ஏசி, கூரையில ஒரு காத்தாடி, பின்னாடி ஆள் திரும்ப மட்டும் இடம் இருக்குற பாத்ரூம். மெத்தை நல்ல மெத்தை, அத்தையே குறை சொல்லல, அவங்க குறை சொல்லாத மெத்தைன்னா அதுக்கு மேல நான் என்ன சொல்ல. நாள் வாடகை ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரை ரோடு) ஒரு சுமாரான ரிசார்ட்ல ரெண்டு ரூம் போடற காசு ஆகும், டீசல் தனி, டோல் தனி, அட்வான்ஸ் டெபாசிட் தனி. கார் லைசென்ஸே போதுமான்னு எங்க வீட்டுக்காரர் பயந்துட்டே இருந்தார். 7,500 கிலோவுக்கு உள்ள இருக்குற வண்டிய எல்.எம்.வி-ங்கற கார் லைசென்ஸ்லயே ஓட்டலாம், கமர்ஷியல் வண்டியா இருந்தாலும் சரின்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே தெளிவா சொல்லிடுச்சு, இந்த வண்டி அந்த எடைக்கு ரொம்ப கீழ. நம்பர் பிளேட் மட்டும் பாத்து வாங்குங்க. நாமே ஓட்டறதுக்கு வாடகைக்கு விடற வண்டின்னா கருப்பு போர்டுல மஞ்சள் எழுத்து இருக்கணும். வெள்ளை போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்கு பதிவு பண்ண வண்டிய "ஃப்ரெண்டு வண்டின்னு சொல்லிக்கோங்க மேடம்"னு தள்ளி விடறவங்க இருக்காங்க, இன்சூரன்ஸ் நேரத்துல நீங்கதான் நடுத்தெருவுல நிப்பீங்க. பாண்டி போறதா இருந்தா பர்மிட் யார் எடுக்கறதுன்னும் எடுக்கும்போதே கேட்டுடுங்க.

இன்னொன்னு, நம்மூர்ல கேரவன்னா சினிமா ஷூட்டிங் தான். செங்கல்பட்டு தாண்டி ஒரு டீக்கடையில நிறுத்துனா பத்து நிமிஷத்துல ஒரு கூட்டம் கூடிருச்சு, "யாரு ஹீரோயினு?"ன்னு ஒரு பையன் எட்டிப் பாக்குறான், உள்ள இருந்து எங்க அத்தை வெத்தலை டப்பாவோட இறங்குறாங்க. அந்தப் பையன் மூஞ்சி போன போக்கு இருக்கே.

சரி ஏசிக்கு வருவோம், ஏன்னா நைட்டு எங்க நிறுத்தறோம்ங்கற கேள்வியே ஏசியில இருந்துதான் ஆரம்பிக்குது. வண்டி குடுக்கும்போது "லித்தியம் பேட்டரி இருக்கு, நைட்டு ஃபுல்லா ஏசி ஓடும்"னாங்க. கணக்கு போட்டு பாருங்க. 12 வோல்ட் 200 ஆம்பியர் ஹவர் பேட்டரின்னா மொத்தமே 2.4 யூனிட் கரண்ட்டு. ஒரு டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட் சுமாருக்கு இழுக்கும். ஃப்ரிட்ஜு, லைட்டு, போன் சார்ஜ் எல்லாம் போக ரெண்டு மணி நேரம் ஓடுனா பெருசு. அப்புறம் கூரைக் காத்தாடிதான். கத்திரி வெயில் நேரத்துல நம்ம கடலோரத்துல ராத்திரி புழுக்கம் எப்படி இருக்கும்னு உங்களுக்கு தெரியும், அதனால மே மாசத்துல இந்த வண்டிய எடுக்காதீங்க. டிசம்பர் கடைசில இருந்து பிப்ரவரி வரைக்கும்னா ஏசியே வேணாம், ஜன்னல் வலைய மட்டும் மூடிட்டு காத்தாடி போட்டா போர்வை தேடற அளவுக்கு குளிரும்.

எஞ்சின ஓடவிட்டு ஏசி போட்டு தூங்கலாம்ங்கற ஐடியா யாருக்காவது இருந்தா தயவு செஞ்சு இப்பவே விட்டுடுங்க. 2024 டிசம்பர்ல கேரளாவுல வடகரை பக்கம் ரோட்டோரம் நின்ன கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்களே, ஞாபகம் இருக்கா, அது ஜெனரேட்டர் புகையில இருந்து உள்ள வந்த கார்பன் மோனாக்சைடு. எஞ்சின் புகையிலயும் அதே வாயுதான். வாசனை கிடையாது, கண்ணு எரியாது, தூக்கத்துலயே முடிஞ்சிடும். எங்களுக்கு குடுத்த வண்டியில கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்ல. கேட்டதுக்கு "அதெல்லாம் தேவைப்படாது மேடம்"னு ஒரு பதில். கம்பெனிக்கு போன ஸ்டார்ல ஒண்ணு இதுக்காகவே போச்சு. ஆன்லைன்ல தனியாவே கிடைக்குது, நீங்களே ஒண்ணு வாங்கி மாட்டிக்கோங்க.

இப்ப மெயின் மேட்டர். ராத்திரி காசு குடுக்காம எங்க நிறுத்தறது.

எங்களுக்கு செட் ஆனது ஹைவே பெட்ரோல் பங்க் தான். எல்லா பங்க்கும் இல்ல. சிட்டிக்குள்ள இருக்குற பங்க்ல நம்ம வண்டி திரும்பவே இடம் இருக்காது. செங்கல்பட்டு தாண்டி திருச்சி போற ரோட்டுல, அதே மாதிரி ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பெங்களூர் ரோட்டுல, லாரிங்க வரிசையா நிக்கற மாதிரி பெரிய காலி இடத்தோட பங்க் வரும், பக்கத்துலயே ஒரு ஓட்டலும் இருக்கும். லாரி டிரைவருங்க நிறைய பேர் நிறுத்தி தூங்குற இடம் எதுவோ அதுதான் பாதுகாப்பான இடம், அவங்களுக்கு தெரியாத ரோடா. ஃப்ரீ காத்து, குடிதண்ணி, டாய்லெட் எல்லாம் பங்க்ல இருந்தே ஆகணும்னு ஆயில் கம்பெனிங்க ரூலே இருக்கு. ஆனா ராத்திரி படுக்க இடம் தரணும்னு எந்த ரூலும் கிடையாது. அது அந்த நைட் ஷிஃப்ட்டு அண்ணன் மனசு வெச்சு தர்றது. இத மண்டையில ஏத்திக்கிட்டா மிச்சம் எல்லாம் தானா வரும்.

எங்க வீட்டுக்காரர் போய் கேட்டது இப்படித்தான், முதல்ல டீசல் போட்டாச்சு, பில் வாங்கியாச்சு, அப்புறம் மெதுவா "அண்ணே, ஃபேமிலியோட வந்திருக்கோம், ஓரமா நிறுத்திட்டு தூங்கிட்டு காலைல அஞ்சு அஞ்சரைக்கு கிளம்பிடறோம், பரவால்லயா?" அவர் வண்டிய ஒரு பார்வை, எங்க அத்தைய ஒரு பார்வை பாத்துட்டு, "பம்பு பக்கம் வேணாம் சார், காத்து மெஷின் தாண்டி அந்த வேப்பமரத்து பக்கம் போட்டுக்கங்க. அடுப்பு கிடுப்பு மட்டும் பத்த வெச்சிராதீங்க. பாத்ரூம் சாவி என்கிட்ட இருக்கு, அம்மாவுக்கு வேணும்னா எப்ப வேணா கேளுங்க"ன்னார். அவ்ளோதான். அந்த கடைசி வரிக்குத்தான் அஞ்சு ஸ்டார். ஃபேமிலின்னு சொல்றதும், வயசானவங்க முகம் தெரியறதும் நம்மூர்ல பெரிய பாஸ்போர்ட்டு, அத மறைக்க வேணாம். கேக்காம ஓரமா நைசா நிறுத்திட்டு லைட்ட அணைச்சு படுத்தா நடு ராத்திரி கதவ தட்டுவாங்க, அவங்க மேல தப்பே இல்ல, யாரு என்னன்னு தெரியாத வண்டி பெட்ரோல் டேங்க் பக்கத்துல நின்னா பயப்படத்தான் செய்வாங்க.

பங்க்ல நிறுத்தறதுக்குன்னு நாசூக்கு கொஞ்சம் இருக்கு, யாரும் எழுதி வெக்கல, ஆனா எல்லாருக்கும் தெரியும். டேங்கர் லாரி வந்து எண்ணெய் இறக்குற இடம்னு ஒண்ணு உண்டு, தரையில வட்ட வட்டமா கலர் மூடி இருக்கும், அதுக்கு பக்கத்துலயோ அதுக்கு போற வழியிலயோ நிறுத்தவே கூடாது, லோடு அகால நேரத்துல கூட வரலாம், உங்கள எழுப்பி வண்டிய எடுக்க சொல்லி அவங்களுக்கும் எரிச்சல் உங்களுக்கும் எரிச்சல். லாரிக்காரங்க போடற வரிசையிலயும் போடாதீங்க, அந்த இடம் பதினாறு சக்கர வண்டிக்கு, அவங்களுக்கு வேற இடம் கிடையாது, நமக்கு மூலையே போதும். ரிவர்ஸ்ல போட்டு முகம் ரோட்ட பாத்த மாதிரி நிறுத்துங்க, எதாவது ஒண்ணுன்னா சாவியப் போட்டு நேரா கிளம்பலாம். தரை சாய்வா இருந்தா தலைமாடு மேட்டுப்பக்கம் வர மாதிரி வண்டிய திருப்பிக்கணும், இல்லாட்டி காலைல தலைவலியோடதான் எந்திரிப்பீங்க. டயருக்கு கட்டை குடுங்க. வண்டி ஓரத்துல நிழலுக்கு இழுத்து விடற துணிய விரிக்கறது, வெளிய நாற்காலி போட்டு உக்கார்றது, கயிறு கட்டி துணி காயப் போடறது, இதெல்லாம் பங்க்ல வேணாம். நிறுத்தறதுக்குத்தான் இடம் கேட்டோம், குடித்தனம் பண்ண கேக்கல.

அடுப்ப பத்தி அவர் சொன்னது சும்மா இல்ல. பங்க் வளாகத்துக்குள்ள நெருப்பே கூடாது, வண்டிக்குள்ள தானேன்னு அஞ்சு கிலோ சிலிண்டர பத்த வைக்கறவங்கள பாத்தா எனக்கு வயித்த கலக்குது. இண்டக்‌ஷன் ஸ்டவ் வேணா போடலாமேன்னா பேட்டரி கணக்கு திரும்ப இடிக்கும். ராத்திரிக்கு பக்கத்து ஓட்டல்ல தோசை, பரோட்டா ஏதாவது சாப்பிடுங்க, அந்த ஓட்டல்காரருக்கும் நாலு காசு போகட்டும். அவர்கிட்ட சாப்பிட்டா அவரும் வண்டிய ஒரு கண்ணு பாத்துக்குவார்.

தண்ணி விஷயம் ரொம்ப முக்கியம், இதுல நிறைய பேர் கேவலமா நடந்துக்கறாங்க. குடிக்க வெச்சிருக்க ஆர்.ஓ. குழாயில ஹோஸ மாட்டி நூறு லிட்டர் டேங்க ரொப்பறத என் கண்ணால பாத்தேன். பாட்டில் புடிக்கலாம், குடம் கூட புடிக்கலாம், டேங்க் ரொப்ப அது இல்ல. 2019 கோடையில லாரி தண்ணிக்கு ராத்திரி முழிச்சு குடம் வெச்ச ஊர்க்காரங்க நாம, நமக்கு யாரும் சொல்லித் தர வேணாம். வீட்டுலயே ரொப்பிட்டு கிளம்புங்க. வழியில தேவைப்பட்டா வாட்டர் வாஷ் கடையில காசு குடுத்து ரொப்பிக்கலாம், முகம் சுளிக்காம தருவாங்க.

பாத்ரூம பத்தி பேச சங்கடமாத்தான் இருக்கு, ஆனா பொம்பளைங்க இந்த வண்டிய எடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்றதே இதுலதான். உள்ள இருக்குறது கேசட் டாய்லெட், கீழ இருபது லிட்டர் சுமாருக்கு ஒரு டப்பா, நிறைஞ்சதும் வெளிப்பக்க சின்னக் கதவ திறந்து சூட்கேஸ் மாதிரி இழுத்து எடுத்துட்டு போய் கொட்டணும். அஞ்சு பேரு யூஸ் பண்ணா ஒண்ணுலேர்ந்து ரெண்டு நாள்ல நிறைஞ்சிடும். அதனால நாங்க வெச்ச சட்டம், பங்க் டாய்லெட்டோ ஓட்டல் டாய்லெட்டோ இருந்தா அதுதான் முதல்ல, வண்டி டாய்லெட் ராத்திரிக்கும் அத்தைக்கும் மட்டும். எங்க கொட்டறதுன்னு கம்பெனிய கேட்டா, "எங்கயாவது ஓரமா மேடம்"னாங்க. ஓரம்னா என்ன ஓரம்? ஏரிக்கரையா, வாய்க்காலா, எவன் வயலு? அமெரிக்காவுல இருக்குற சித்தி பையன்கிட்ட கேட்டேன், அங்க டம்ப் ஸ்டேஷன்னே தனியா இருக்காம், ஹோஸ மாட்டி விட்டுட்டு கழுவிட்டு வந்துடலாமாம். நம்ம பக்கம் அது கிடையாது. அதனால வீட்டு டாய்லெட்ல வந்து கொட்டணும், இல்ல தங்குற லாட்ஜ், கேம்ப் எங்கயாவது கேட்டு அவங்க டாய்லெட்ல கொட்டணும். பங்க் டாய்லெட்ல கொட்டறதா இருந்தா கேட்டுட்டு, ஆள் இல்லாத நேரம் பாத்து, அப்புறம் ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தி நாமே தேய்ச்சுட்டு வரணும், கழுவறது ஒரு அக்காவா இருக்கும், அவங்கள நினைச்சுக்கோங்க. கூட குடுக்குற நீல கலர் கெமிக்கல்ல ஃபார்மால்டிஹைடு இருந்தா அது செப்டிக் டேங்க்ல இருக்குற நல்ல பாக்டீரியாவ கொன்னுடும், ஹைவேல எல்லா இடமும் செப்டிக் டேங்க் தான், என்சைம் வகை கிடைக்குது, அத வாங்கிக்கோங்க.

பாத்திரம் கழுவுற தண்ணி இன்னொரு டேங்க்ல சேரும். அதோட வால்வு எங்க வண்டியில ஒழுகிட்டே இருந்துச்சு, சாம்பார் வாசனையோட ஒரு கோடு வண்டி பின்னாடியே வருது. நாங்க ஒரு பக்கெட்ட கீழ வெச்சு சமாளிச்சோம். திருப்பிக் குடுக்கும்போது "இது நீங்க உடைச்சது"ன்னு டெபாசிட்ல புடிக்கப் பாத்தாங்க, நல்ல வேளை எடுக்கும்போதே வீட்டுக்காரர் வண்டிய சுத்தி, அடியில எல்லாம் வீடியோ எடுத்து வெச்சிருந்தார், அத காட்டுனதும் கப்சிப்.

பங்க்கு அடுத்தபடியா கோயில் வண்டி நிறுத்தம். டோக்கன் காசு கொஞ்சம் இருக்கும், முழுசா ஃப்ரீன்னு சொல்ல முடியாது, ஆனா ராத்திரி ஆள் நடமாட்டம், லைட்டு, குளியலறை எல்லாம் இருக்கும். மேல்மருவத்தூர் மாதிரி பஸ் பஸ்ஸா கூட்டம் வர்ற ஊர்ல வண்டியில படுத்து தூங்குறவங்கள யாரும் விசித்திரமா பாக்க மாட்டாங்க. யோசிச்சு பாத்தா இந்த வேன் வாழ்க்கைய நமக்கு இன்ஸ்டாகிராம் காரங்க சொல்லித் தரவே வேணாம். டூரிஸ்ட் பஸ் புடிச்சு, டாப்புல அண்டாவும் அரிசி மூட்டையும் ஏத்தி, சமையல் மாஸ்டரையும் கூட்டிட்டு நவக்கிரகம், ராமேஸ்வரம்னு சுத்துன கூட்டம் தானே நாம, எந்த கோயில் வாசல்ல உப்புமா கிண்டலாம், எந்த குளத்தங்கரையில குளிக்கலாம்னு பெரியவங்களுக்கு மனப்பாடம். எங்க அத்தை அப்படி போனவங்க. "மூணு கல்ல வெச்சு சமைச்சா, கிளம்பும்போது கல்ல கலைச்சு, சாம்பல தண்ணி ஊத்தி அணைச்சு, எச்சி இலைய எல்லாம் ஒண்ணா கட்டி போட்டுட்டுதான் பஸ்ல ஏறணும், இல்லாட்டி அடுத்த வருஷம் அந்த ஊர்க்காரன் நம்ம பஸ்ஸ நிறுத்த விடமாட்டான்"னாங்க. திருவண்ணாமலைய மட்டும் பௌர்ணமிக்கு யோசிக்கவே யோசிக்காதீங்க, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம், வண்டிய ஊருக்கு வெளியவே மடக்கி விட்ருவாங்க.

கடற்கரை பத்தி நிறைய பேருக்கு கனவு இருக்கும், அலை சத்தத்துல தூங்கணும்னு. ஈசிஆர்ல நடக்காதுங்க. மெரினா, பெசன்ட் நகர்ல ராத்திரி ரோந்து வந்து கிளப்பி விட்ருவாங்க. கிராமத்துப் பக்கம் போனா கடலோர மணல்னா மீனவங்க வலை காயப் போடற, படகு ஏத்துற இடம், விடிய மூணு நாலு மணிக்கு அவங்க வேலை ஆரம்பிச்சிடும், அதுக்கு நடுவுல நம்ம வண்டி நின்னா எப்படி இருக்கும். ஊர்ப் பெரியவங்கள கேட்டு, அவங்க காட்டுற இடத்துல நிறுத்தினா சரி. பாண்டியில பீச் ரோடு சாயங்காலம் 6 மணியிலிருந்து காலை 7:30 வரைக்கும் வண்டியே விட மாட்டாங்க, அங்க போய் படுக்கலாம்னு பிளான் போட்டவங்க பிளான மாத்துங்க. ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் நம்ம கடற்கரையில பங்குனி ஆமை முட்டை போட வர்ற நேரம். 1988-ல இருந்து ஸ்டூடண்ட்ஸ் சீ டர்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் பசங்க நீலாங்கரை பெசன்ட் நகர் பக்கம் ராத்திரி நடந்து முட்டைய காப்பாத்திட்டு இருக்காங்க. குஞ்சு பொரிஞ்சு வரும்போது கடல் பக்க வெளிச்சத்த பாத்துதான் தண்ணிக்கு போகும், நம்ம வண்டியில கலர் கலரா எல்.இ.டி. சரம் மாட்டி எரியவிட்டா அது ரோட்டுப் பக்கம் வந்து நசுங்கும். ரீல்ஸுக்கு அழகா இருக்கும்னு அந்த சரத்த கம்பெனியே மாட்டித்தான் குடுக்குறாங்க. கடலோரம் அத போடாதீங்க, அவ்ளோதான்.

மலைக்கு போறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் எடுத்துட்டுதான் போகணும், வாடகை வண்டின்னா வண்டி நம்பர் முன்னாடியே கேட்டு வாங்குங்க. முதுமலை, பந்திப்பூர் வழி ராத்திரி 9 முதல் காலை 6 வரைக்கும் மூடிடுவாங்க, கேட் பக்கத்துல மாட்டிக்கிட்டா காட்டோரமா படுத்துக்கலாம்னு நினைக்காதீங்க, யானை வர்ற இடம் அது, ஊருக்குள்ள திரும்பி வந்துடுங்க. வனத்துறை நிலத்துல அனுமதி இல்லாம தங்கறதோ நெருப்பு மூட்டறதோ குத்தம். 2018 மார்ச்சுல குரங்கணியில காட்டுத் தீயில ட்ரெக்கிங் போனவங்க எத்தனை பேர் போயிட்டாங்கன்னு மறந்திருக்க மாட்டோம். ஏலகிரி மாதிரி இடத்துல தனியார் கேம்ப்புங்க காசு வாங்கிட்டு நிறுத்த விடறாங்க, ப்ளக் பாயிண்ட்டும் தர்றாங்க, ஏசியும் ஓடும். 14 கொண்டை ஊசி வளைவுலயும் இந்த உயர வண்டி நல்லா ஆடும், பாத்திரத்த எல்லாம் லாக் பண்ணிட்டு ஏறுங்க.

வேடந்தாங்கல் போனோம், பறவை சீசன்ல. அந்த ஊர்க்காரங்க பறவைக்காக தீபாவளிக்கு கூட பட்டாசு வெடிக்காதவங்க. அப்படிப்பட்ட ஊர்ல வந்து ஒரு கும்பல் வேன் கதவ திறந்து வெச்சு புளூடூத் ஸ்பீக்கர்ல கானா போட்டு ஆடிட்டு இருந்துச்சு, எனக்கு வந்த கோவம். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரைக்கும் சத்தத்துக்கு சட்டமே இருக்கு, 2000-ம் வருஷத்து ரூல்ஸ். வேடந்தாங்கல்ல அதுக்கு முன்னாடியும் வேணாம், கதவ கூட மெதுவா சாத்துங்க.

சித்தி பையன் சொன்னதுல ஒண்ணு எனக்கு சுவாரசியமா இருந்துச்சு. அங்க வால்மார்ட் வாசல்ல ஃப்ரீயா படுக்கலாம்னு நாம கேள்விப்பட்டிருக்கோம்ல, எல்லா கடையிலயும் கிடையாதாம், ஊர் சட்டமும் கடை மேனேஜரும் சரின்னா மட்டும்தானாம், உள்ள போய் கேக்கணுமாம், நாற்காலி போடக்கூடாதாம், ஒரு ராத்திரிக்கு மேல இருக்கக்கூடாதாம். வேற ஒரு கூட்டம் கேக்காம வந்து குப்பைய கொட்டிட்டு போனதாலதான் நிறைய கடையில "ராத்திரி நிறுத்தாதே"ன்னு போர்டு வந்துச்சுன்னு சொல்றான். பி.எல்.எம்னு அவங்க அரசாங்க நிலம் இருக்காம், அங்க சும்மா தங்கலாம், ஆனா பொதுவா 28 நாளுக்குள்ள ஒரே இடத்துல 14 நாள் தான், அப்புறம் நகரணும். நமக்கு அந்த மாதிரி நிலமும் இல்ல, போர்டும் இல்ல. கேரளாவாவது 2021-ல கேரவன் டூரிசம் பாலிசி கொண்டு வந்துச்சு, வாகமண்ல கேரவன் பார்க்கும் வந்துச்சு. நம்ம பக்கம் டோல்கேட் தாண்டுனா வர்ற பங்க் அண்ணன் தான் பாலிசி. நாலு பேரு அசிங்கம் பண்ணிட்டு போனா அந்த பாலிசி ஒரே ராத்திரில மாறிடும்.

குப்பைக்கு நாங்க ஒரு மூடி போட்ட டப்பாவும் மஞ்சப்பை கட்டும் எடுத்துட்டு போனோம். 2019 ஜனவரியிலிருந்து ஒரு தடவை யூஸ் பண்ற பிளாஸ்டிக் தடை, அது வண்டிக்குள்ளயும் தடை தானே. பங்க் குப்பைத் தொட்டி சின்னது, டயப்பர், சாப்பாட்டு பார்சல எல்லாம் அதுல அமுக்காதீங்க, கட்டி எடுத்துட்டு வந்து ஊர்ல கார்ப்பரேஷன் வண்டியில போடுங்க. மிச்ச சாப்பாட்ட நாய்க்கு போடறதும் வேணாம், நாம கிளம்பிடுவோம், அப்புறம் அது அங்க வர்ற லாரி டிரைவர் காலயே சுத்தும்.

போலீஸ் தட்டினா பயப்படாதீங்க. எங்களையும் ஒரு ஹைவே பேட்ரோல் தட்டுச்சு. உள் லைட்ட போட்டு, ஜன்னல இறக்கி, வாடகை பேப்பர், லைசென்ஸ் காட்டி, பங்க்ல கேட்டுதான் நிக்கறோம்னு சொன்னோம். அந்த ஏட்டு அத்தைய பாத்து "ரோட்டு ஓரமா மட்டும் நிறுத்தாதீங்கம்மா, பின்னாடி வந்து அடிச்சிருவானுங்க"ன்னு சொல்லிட்டு போனார். நூத்துக்கு நூறு சரி. ஹைவே ஓரத்துல, லைட் இல்லாத இடத்துல நிறுத்தி தூங்கறது தற்கொலை. நேஷனல் ஹைவேல எதாவது பிரேக்டவுன்னா 1033, மத்த எல்லாத்துக்கும் 112, ரெண்டையும் டாஷ்போர்டுல ஒட்டி வெச்சுக்கோங்க. மழைக்காலம்னா ஏரி உள்வாய், ஓடை ஓரம் பக்கமே போகாதீங்க, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ராத்திரியோட ராத்திரியா தண்ணி ஏறும்.

யாருக்கு இந்த வண்டி? சின்னப் பசங்க, வயசானவங்க இருக்குற குடும்பத்துக்கு செம, வழியில எப்ப வேணா படுக்க வைக்கலாம், பால் காய்ச்சலாம், டாய்லெட் கவலை பாதி குறையும். காசு மிச்சம் பண்ணலாம்னு எடுத்தா ஏமாந்து போவீங்க, லாட்ஜ விட செலவு ஜாஸ்தி. தனியா போற பொண்ணுங்க எடுக்கலாமான்னு என் தங்கச்சி கேட்டா, பங்க்ல ஓகே, மத்த இடத்துல நான் போக சொல்ல மாட்டேன்னு சொன்னேன். பொங்கல், தீபாவளி லீவுக்கு மொதநாள் எடுக்காதீங்க, பெருங்களத்தூர்ல இருந்து பரனூர் டோல் வரைக்கும் நகரவே மாட்டீங்க, அந்த நேரத்துல பங்க்லயும் இடம் இருக்காது.

புக் பண்றதுக்கு முன்னாடி கம்பெனிய இதெல்லாம் கேட்டுடுங்க. கருப்பு போர்டா, கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கா, பேட்டரி எத்தனை ஆம்பியர் ஹவர், கேசட்ட காலி பண்ணாம திருப்பிக் குடுத்தா எவ்ளோ புடிப்பாங்க, ஒழுகற வால்வு ஏதாவது இருக்கா. கடைசி கேள்விக்கு எல்லாரும் இல்லன்னுதான் சொல்லுவாங்க, நீங்க பாட்டுக்கு குனிஞ்சு அடியில டார்ச் அடிச்சு பாத்து வீடியோ எடுத்துக்கோங்க.